பேய்க்கதை பிடிக்காத இருபத்தைந்து பேர்

எங்கள் வாசகசாலையை மூடாமல் இருப்பதற்குப் பேய்க்கதை பிடிக்காதவர்கள் இருபத்தைந்து பேர் தேவைப்பட்டார்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முத்திரையோடு எழுத்தில் வந்தது. பிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன், சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

சின்னக்கானலுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் டிவிஷனில் இருக்கிறது எங்கள் வாசகசாலை. பேர்தான் பெரிது, இடம் ஒற்றை அறை. ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன காப்பகம். இப்போது எண்ணூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு டியூப்லைட். காலையில் நான் கொழுந்து பறிப்பேன், மதியத்துக்கு மேல் நூலகர். மழை அடித்துப் பெய்யும் நாட்களில் பெண்கள் சோற்றுப் பாத்திரத்தோடு அங்கேதான் வந்து உட்காருவார்கள். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். என் மகள் பத்தாம் வகுப்புக்குப் படித்ததும் அந்த டியூப்லைட்டுக்குக் கீழேதான். அந்த அறை போனால் இந்த மலையில் எனக்கென்று வேறு ஒன்றுமில்லை.

அறை தோட்டத்துக்குச் சொந்தம். வாரியத்தின் அங்கீகாரம் இருக்கும்வரை எங்களுக்கு, அங்கீகாரம் போன மறுநாள் உர மூட்டை அடுக்குவேன் என்று மானேஜர் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனிதர், சொன்ன சொல் தவற மாட்டார்.

வாரியம் என்றால் மலையோரத் தமிழ் வாசிப்பு மேம்பாட்டு வாரியம். அவர்களுடைய ஜீப் ஒருநாள் வந்து ஆறு பெட்டி புத்தகம் இறக்கிவிட்டுப் போனது. ஆறு பெட்டியும் ஒரே எழுத்தாளர்: காரிருள் அருள்குமார். கூடவே ஒரு சுற்றறிக்கை. அருள்குமார் வாரியத் தலைவரின் மருமகன் என்பதற்கும் இந்தக் கொள்முதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. நாங்கள் கேட்கவே இல்லை.

இரண்டாவது வரி இது: “பேய்க்கதையை விரும்புகிறவருக்குப் பேய்க்கதையைக் கொடுப்பதில் வளர்ச்சி எதுவும் இல்லை. ஆகவே மேற்படி நூல்களைப் பேய்க்கதை பிடிக்காதவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் அத்தகைய வாசகர் இருபத்தைந்து பேரைக் காட்டத் தவறும் வாசகசாலையின் அங்கீகாரம் ரத்தாகும்.”

ஒவ்வொருவரும் தனக்குப் பேய்க்கதை பிடிக்காது என்று இரண்டு சாட்சிகளோடு ஓர் அபேக்ஷை, அதாவது விண்ணப்பம், எழுத வேண்டும். படித்த பிறகு பிடித்துவிட்டது என்று ஒப்பம் போட வேண்டும். நடுவில் பயந்தார் என்பதற்கு அத்தாட்சியாக, பயந்த பக்கத்தின் எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

நான் நேராகச் சின்னத்தாயி மதினியிடம் போனேன். எங்கள் டிவிஷனில் அதிகம் படிப்பவள் அவள்தான், அதிகம் பேசுபவளும் அவள்தான்.

“மதினி, உங்களுக்குப் பேய்க்கதை பிடிக்காதுன்னு ஒரு கையெழுத்துப் போடணும்.”

“பிடிக்காதுன்னு சொல்ல மொதல்ல அதைப் பத்தி நாம நெனைக்கணுமில்ல? வாசல்ல நெசமாவே ஒருத்தர் வந்து நிக்கிற ஊருல பேய் எதுக்குடி?”

ஒருத்தர் என்று அவள் சொன்னது காட்டு யானையை. எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லமாட்டோம். அவர் வந்தார், அவர் போனார், அவர் ரேஷன் கடைக் கதவைத் தள்ளிவிட்டு அரிசி சாப்பிட்டார். அவ்வளவுதான். அவருக்கு முன்னால் வேறு யாருக்கும் பயப்பட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

ஆனாலும் அறையைக் காப்பாற்ற வேண்டுமே. மதினி முதல் ஆளாக எடுத்துப்போனாள். ‘பன்னிரண்டு மணிப் பால்காரி’. செத்துப்போன பால்காரி ஒருத்தி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பாத்திரம் கேட்கும் கதை. மூன்று நாளில் புத்தகம் டிவிஷன் முழுக்கச் சுற்றியது. கருத்துப் படிவங்கள் வந்து குவிந்தன.

“பேய் கதவைத் தட்டிவிட்டு வருகிறது. மரியாதை தெரிந்த பேய்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொருத்தி, “சொசைட்டிப் பால்வண்டி ஒன்பது மணிக்கு வருகிறது, கேட்டால் ரோடு சரியில்லை என்கிறான். இவள் செத்த பிறகும் நேரம் தவறவில்லை” என்று. மதினி எழுதியது ஒரே வரி: “பாவம், அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு வாய் காப்பித்தண்ணி கொடுத்திருக்கலாம்.”

எல்லாவற்றையும் அனுப்பினேன். எல்லாம் திரும்பி வந்தன. “வாசகர்கள் பேயின் மீது அனுதாபம் கொண்டுள்ளனர். இது திட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது. மேலும் இவர்களுக்குப் பேய்க்கதை பிடிக்காது என்பது நிரூபிக்கப்படவில்லை. முதலில் வெறுப்பை வளர்க்கவும். அதற்கென அலுவலர் வருவார்.”

அலுவலர் வந்தார். பெயர் செங்கோட்டையன். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். பதவி, திட்ட அலுவலர், வெறுப்புப் பிரிவு. விருப்புப் பிரிவுக்கு வேறொருவர் இருக்கிறாராம், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். அவர் பேசப் பேச நான் கூட்டக் குறிப்பேட்டில் வரிக்கு வரி எழுதிக்கொண்டேன். கடைசியில் அவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும், விதி அப்படி.

“ஏனுங்க, புத்தகம் நல்லா இருக்குதா இல்லியாங்கறது வாரியத்தோட வேலை இல்லீங்க. வாங்கறது எங்க வேலை, பிடிக்கறது உங்க வேலை. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா நாடு முன்னேறிப் போயிருமுங்க.”

“சார் படிச்சுப் பாத்தீங்களா?” என்று மதினி கேட்டாள்.

“நான் இருவத்திரண்டு வருசமா வாரியத்துல இருக்கறனுங்க. ஒரு புத்தகம் படிச்சதில்லீங்க. படிச்சா ஒண்ணு பிடிக்கும், ஒண்ணு பிடிக்காது. அப்பறம் நடுநிலை என்னாகறது? அதுலயும் பேய்க்கதைன்னா எனக்குச் சுத்தமா ஆகாதுங்க. அதனாலதான் இந்தப் பிரிவையே எனக்குக் குடுத்தாங்க.”

பிறகு வகுப்பு. நான்கு மணி நேரம். பேய்களின் வகைகளைச் சார்ட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் வரையறை, உட்பிரிவு, வெறுப்பதற்கான காரணங்கள். எல்லோரும் சேர்ந்து மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் செய்முறைப் பயிற்சி.

“ஒண்ணு, ரெண்டு, மூணு! பயப்படுங்க! அந்தப் பச்சைச் சீலைக்காரம்மா பயப்படலீங்க. மறுபடியும். ஒண்ணு, ரெண்டு...”

பச்சைச் சேலைக்காரம்மா சின்னத்தாயி மதினி. கொட்டாவிதான் விட்டாள். அதையே பயந்ததாக அவர் குறித்துக்கொண்டார்.

வாரியத்தைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்தபோது டிவிஷனில் இருபத்து நான்கு பேருக்குப் பேய்க்கதை என்றாலே உண்மையாகவே பிடிக்காமல் போயிருந்தது. அபேக்ஷையில் போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கும் பஞ்சமில்லை.

பால்காரியை மட்டும் ஏற்கெனவே பிடித்திருந்ததால், பிடித்துவிட்டது என்ற ஒப்பமும் போட்டார்கள். மிச்சம் பயந்த பக்கம். அதற்காகவே எல்லோரையும் மறுபடி படிக்கச் சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால் அத்தனை பேரும் தனித்தனியாக ஒரே எண்ணை எழுதிக் கொடுத்தார்கள்: ஐம்பத்தெட்டு. எடுத்துப் பார்த்தேன். கதாநாயகி ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திறந்த ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறாள். வாழைப்பழ மணத்துக்கு அவர் எங்கிருந்தாலும் வந்துவிடுவாரே. எந்தத் தைரியத்தில் அவள் அப்படிச் செய்தாள்?

வாரியம் இருபத்து நான்கையும் ஏற்றுக்கொண்டது. பயம் பயம்தானே, எதைப் பார்த்து என்று படிவத்தில் கட்டம் இல்லை.

இருபத்தைந்தாவது ஆள்தான் கிடைக்கவில்லை. நூலகர் பெயர் கணக்கில் வராது. டிவிஷனில் படிக்கத் தெரிந்தவர்களில் பாக்கி இருந்தது மொக்கையன் அண்ணன் ஒருவர்தான். யானை வாட்சர். அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து விசில் ஊதுவது அண்ணன் வேலை. கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

“பொய் சொல்ல மாட்டேன் தாயி. எனக்குப் பேய்க்கதைன்னா உசுரு. காட்டுல ஒத்தையில நிக்கையில அந்தப் பால்காரி துணைக்கு வர்ற மாதிரி இருக்கு. அவளைப் பிடிக்காதுன்னு எழுதுனா ராத்திரி என் மூஞ்சியில எப்படி முழிப்பா?”

“அறை போயிரும்ணே.”

“அதுக்கு வேற வழி பாப்போம். அவளைக் காட்டிக் குடுக்க மாட்டேன்.”

இப்படியும் ஒரு யோக்கியன் ஊரில் இருந்தால் எப்படி உருப்படுவது? அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுதேன். மானேஜர் ஆள் அனுப்பி அறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார்.

கடைசி ஆய்வுக்குத் தேதி குறித்துக் கடிதம் வந்தது. ஆய்வுக்கு எழுத்தாளரும் வருகிறார், ஆகவே வரவேற்பு விதிமுறைப்படி: வாசலில் பந்தல், தென்னந்தோரணம், பேனர், மேசையில் நூல்கள், பந்தலின் இரு புறமும் குலை தள்ளிய வாழை மரம் ஒவ்வொன்று. படித்ததும் போன் போட்டேன்.

“சார், இங்க வாழை கட்டக் கூடாது சார். அவரு வருவாரு.”

“ஆருங்க?”

“யானை சார்.”

செங்கோட்டையன் கடிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. “சுற்றறிக்கையில யானையப் பத்தி ஒண்ணுமே இல்லீங்களே அம்மிணி. வாழை கட்டோணும்னு இருக்குது. வாழை கிடைக்கலீன்னா சொல்லுங்க, நானே ஊர்ல இருந்து கொண்டாறனுங்க.”

கொண்டுவந்தார். சும்மா சொல்லக் கூடாது, கொழிஞ்சாம்பாறை மண்ணில் விளைந்த நேந்திரன், மரத்துக்கு ஐந்தாறு சீப்பு, பாதி பழுத்து மணம் தூக்கியது. காலை பத்தரை மணிக்கு அவரே நின்று கட்டவைத்தார். மொக்கையன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு விசிலைத் துடைத்து வாயில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் போனார். ஜீப் டிரைவர் சாயா குடிக்கக் கீழே போனார்.

எழுத்தாளர் அருள்குமார் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. கண்ணாடியும் குரங்குக் குல்லாவுமாக ஒல்லியான மனிதர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இங்க அட்டைப் பூச்சி ஏறுமுங்களா?” ஏறும் என்றேன். காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டார்.

செங்கோட்டையன் பதிவேட்டைப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“இருவத்து நாலு.”

“ஒண்ணுதானே சார் கொறையுது.”

“கொறையறது கொறையறதுதானுங்களே. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்குதுங்க. ஆனா மனசுக்குன்னு தனியா பிரிவு இல்லீங்க.” பேனாவைத் திறந்தார். ரத்து உத்தரவை ஏற்கெனவே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். தேதி மட்டும்தான் பாக்கி. அதற்கு முன்பு நாலு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று எழுந்தார். “வாசிப்புங்கறது ஒரு பெரிய...”

மேட்டில் மொக்கையன் அண்ணனின் விசில். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

எங்கள் ஊரில் அந்த விசிலுக்குச் சட்டம் உண்டு. வாரியம் போட்ட சட்டமில்லை, அதனால் எல்லோரும் கடைப்பிடிப்போம். இருக்கிற இடத்தில் இரு. கதவைச் சாத்து. போனை அணை. பேசாதே, அசையாதே, அடுத்த விசில் வரும்வரை. ஐந்து நொடியில் அத்தனையும் நடந்தது. செங்கோட்டையன் மட்டும், “பெரிய...” என்று வாயைத் திறந்தபடி நின்றார். மதினி அவர் வாயைப் பொத்திப் பெஞ்சில் உட்காரவைத்தாள். அருள்குமார் எப்போது அறைக்குள் இருந்த மேசைக்கு அடியில் போனார் என்று யாருக்கும் தெரியாது.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வந்துவிட்டார். அவசரமே இல்லை, கல்யாண வீட்டுக்கு வருகிற சம்பந்தி மாதிரி வந்தார். இடதுபுற வாழையைச் சாப்பிட்டார். வலதுபுற வாழையைச் சாப்பிட்டார். தென்னந்தோரணத்தை உருவிச் சாப்பிட்டார். செங்கோட்டையனுக்கு வாங்கி வைத்திருந்த மாலையையும் விடவில்லை. பேனரில் ‘வாசிப்பு மேம்பாட்டு’ வரைக்கும் மென்று பார்த்துத் துப்பினார். பிறகு பந்தலில் போட்டிருந்த மேசைக்கு வந்தார். அடுக்கி வைத்திருந்த பதினெட்டுப் பால்காரிகளில் மேலே இருந்ததைத் தும்பிக்கையால் எடுத்தார், முகர்ந்தார், ஒரு பெருமூச்சு விட்டார், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

“திங்க மாட்டேங்காரு பாரு,” என்று மதினி என் காதில் சொன்னாள். உள்ளே மேசைக்கு அடியிலிருந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அருள்குமாரின் முகம் சுண்டிப்போனது.

சாப்பிட்டு முடித்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பதினொன்றே கால் ஆனது, பன்னிரண்டானது. செங்கோட்டையனுக்குக் கை கால் எல்லாம் உதறியது, உதறலில் பெஞ்சு தரையில் தட்டியது. சத்தம் கேட்டால் ஆபத்து. மதினி சுற்றுமுற்றும் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு பால்காரியை உருவி அவர் கையில் திணித்து, ‘படி’ என்று சைகை காட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. படிக்க ஆரம்பித்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் புத்தகம். முதல் பத்துப் பக்கம் வரியெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். இருபதில் உதறல் நின்றது. நாற்பதில் வாய் லேசாகத் திறந்தது. திடீரென்று நிமிர்ந்து மூடிய கதவைப் பார்த்தார், வாழை கட்டிய பக்கத்தைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. குனிந்து எழுத்தாளரின் குல்லாவைப் பிடித்து இழுத்து மேசைக்கு வெளியே கொண்டுவந்தார்.

“ஏனய்யா,” என்று மூச்சுக் காற்றில் கேட்டார், “ஜன்னல்ல வாழைப்பழத்த வெப்பாங்களா? அந்தப் புள்ளைக்கு அறிவு வேண்டாமா?”

“கதைக்காக வெச்சதுங்க,” என்றார் அருள்குமார்.

“என்ன எளவு கதை? அவ உசுரு போச்சுன்னா?”

ஐம்பத்தெட்டு. எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. புத்தக அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் மேலே படித்தார். இரண்டரை மணிக்கு அண்ணனின் இரண்டாவது விசில் கேட்டது. அவர் போய்விட்டார், கதவைத் திறக்கலாம். எல்லோரும் எழுந்தோம். செங்கோட்டையன் எழவில்லை. இடக்கையை உயர்த்தி எங்களை அமர்த்திவிட்டுக் கடைசிப் பக்கத்தை முடித்தார். மூக்கை உறிஞ்சினார்.

“அந்தப் பால்காரிக்கு ஒருத்தனாச்சும் ஒரு டம்ளர் காப்பி குடுத்திருக்கலாமுங்க,” என்றார். “அடுத்த பாகம் இருக்குதுங்களா அம்மிணி?”

நான் அடுத்த பாகத்தைக் கொடுக்கவில்லை. படிவத்தைக் கொடுத்தேன். கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து, பேய்க்கதை சுத்தமாக ஆகாது என்று அவரே சொன்ன வரியையும் அதற்கடியில் அவர் போட்ட கையெழுத்தையும் காட்டினேன். அன்றைக்கு அதைக் கேட்ட சாட்சி இருபத்து நான்கு பேர். பயந்த பக்கம் ஐம்பத்தெட்டு, அதற்குச் சாட்சி எழுத்தாளரே. பிடித்துவிட்டதா என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

ஒவ்வொரு விதியாகப் படித்துப் பார்த்தார். வாரியத்தில் வேலை செய்பவர் வாசகராகக் கூடாது என்று எங்கேயும் இல்லை. வாரியத்தில் யாராவது படிப்பார்கள் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

“சரியாத்தான் இருக்குதுங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். டைப் அடித்து வந்த உத்தரவை நான்காக மடித்து, நான் எடுத்துக் கொடுத்த அடுத்த பாகத்துக்குப் பக்கக் குறியாக வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அறை பிழைத்தது. மதினி என்னைக் கட்டிக்கொண்டாள். பேய்க்கதை படிக்கும்போது தவிர மொக்கையன் அண்ணன் கண்கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வாரியம் என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த மாதம் எல்லா வாசகசாலைகளுக்கும் புதிய சுற்றறிக்கை வந்தது. “ஏழாம் டிவிஷன் வாசகசாலை இருபத்தைந்துக்கு இருபத்தைந்து காட்டியுள்ளது. வேறெந்த வாசகசாலையும் நான்கைத் தாண்டவில்லை; அவற்றின் ரத்து தள்ளிவைக்கப்படுகிறது. இவ்வெற்றிக்குக் காரணம் ஆய்வு நேரத்தில் வாசலில் நின்ற ஒரு யானை என்று அலுவலர் அறிக்கை தெரிவிக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாசகசாலையும் தொண்ணூறு நாட்களுக்குள் ஒரு யானையை ஏற்பாடு செய்ய வேண்டும். தவறினால் அங்கீகாரம் ரத்து.” எங்களுக்கும் விலக்கு இல்லை.

அன்று சாயங்காலமே கொழிஞ்சாம்பாறை வாசகசாலையின் கமலாத்தாள் அக்கா போனில் வந்தார். அழாத குறை.

“ஏனுங்க கற்பகம், எங்கூர்ல பேய்க்கதை பிடிக்காதவங்க எத்தன பேரு வேண்ணாலும் கெடைப்பாங்க, படிச்சப்பறமும் பிடிக்கலீங்கறாங்க. யானைக்கு எங்கீங்க போவேன்? கோயில் யானை ஒண்ணு வாடகைக்குக் கேட்டிருக்கறனுங்க. அபேக்ஷையில ஏழாவது கட்டத்தப் பாத்தீங்களா?”

“இன்னும் பாக்கலைக்கா.”

“யானைக்கும் பேய்க்கதை பிடிக்காம இருக்கோணுமாமுங்க. பிடிச்ச யானைன்னா அதுல வளர்ச்சி இல்லீங்களாமா. ரெண்டு சாட்சி வேணுமாமுங்க. நான் அந்தப் பாகனப் போயி என்னன்னுங்க கேப்பேன்? உங்க யானை எப்படிங்க?”

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“எங்க ஆளுக்குச் சுத்தமாப் பிடிக்காதுக்கா,” என்றேன். “வாழையத் தின்னாரு, தோரணத்தைத் தின்னாரு, வாரியத்தோட பேனரைக்கூட ஒரு கடி கடிச்சுப் பாத்தாரு. புத்தகத்தை மட்டும் மோந்து பாத்துட்டு வச்ச எடத்துலயே வச்சுட்டாரு. ரெண்டு சாட்சி இருக்கு. ஒண்ணு எங்க சின்னத்தாயி மதினி.”

“இன்னொண்ணு ஆருங்க?”

“எழுதுனவரேதான்.”